கொடுமுடி தந்த கலையரசி

இசைக்குயில் என்று கே. பி. சுந்தராம்பாளைப் புகழாதார் இல்லை. எனினும் அவர்தம் குரலுக்குக் கிடைத்த பாராட்டு, நடிப்பாற்றலைச் சற்றே மறைத்துவிட்டது.

1908இல் கொடுமுடியில் வறிய குடும்பத்தில் பிறந்த அவர், இளமையிலேயே மேடையேறினார். வெவ்வேறு ஊர்க் கலைஞர்கள் ஒத்திகையின்றி ஓரிரவு கூடி நடிக்கும் ஸ்பெஷல் நாடகத்தில், பாட்டுக்குப் பாட்டு, சொல்லுக்குச் சொல் அக்கணமே தொடுத்தல் வேண்டும். அவ்வுலையில் புடமிடப்பட்டது அவர்தம் கலை. வள்ளி திருமணத்தில் எஸ். ஜி. கிட்டப்பாவும் அவரும் இணைந்தால் கொட்டகை கொள்ளாது. வாழ்விலும் இணைந்தனர். 1933இல் கிட்டப்பா மறைந்தபோது அம்மையாருக்கு வயது 25. வெள்ளுடை பூண்டு, இனி எந்த ஆடவருடனும் இணைந்து நடிப்பதில்லை என உறுதி பூண்டார்.

நாயகியர் வேடங்கள் அத்துடன் அற்றன. கலை அறவில்லை. ஒரு லட்சம் ரூபாய் ஊதியத்தில் 1935இல் நந்தனாராக ஆண்வேடம் ஏற்றார். அப்படத்தைக் கல்கி எள்ளி நகையாடினார், அம்மையார் சோர்ந்தாரில்லை. முதுமை எய்துமுன்பே 1953இல் ஔவையாராக மூத்து நின்றார். நடையும் நோக்கும் கிழவியுடையவை. குரலோ கம்பீரம் குன்றாதது. தமிழர் நெஞ்சில் ஔவைக்கு இன்றும் அம்முகமே.

1958இல் சட்ட மேலவை உறுப்பினர், 1970இல் பத்மஸ்ரீ எனச் சிறப்புகள் பெற்று, 1980இல் மறைந்தார். துயரம் அடைத்த வாயிலை விடுத்து, வேறு வாயில் திறந்துகொண்ட கலை அவருடையது.