இடுப்புக்குக் கீழே உணர்விழந்த மருத்துவர்: டாக்டர் மேரி வர்கீஸ் (ஜும்ஆ உரை)



ஸுஜூதில் இருக்கும்போது முழங்காலுக்குப் பாயின் சொரசொரப்பு தெரிகிறது. கால்விரல்கள் மடங்கி நிற்பது பார்க்காமலே தெரிகிறது. எழ வேண்டும் என்று நினைத்ததும் உடம்பு எழுந்துவிடுகிறது. இந்த நிஃமத்தை நாம் கணக்கில் வைப்பதே இல்லை. நம் மஹல்லாவில் தென்னை மரம் ஏறும் சகோதரர் ஒருவர் விழுந்து, இரண்டு கால்களும் செயலிழந்து வீட்டில் இருக்கிறார். அவரைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து ஒரு பெண்மணியின் வாழ்க்கைதான் என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்ல, கிறிஸ்தவர். இருந்தாலும் சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் அந்தச் சகோதரரின் காலுக்கு என்ன ஆனது? காலில் ஒரு கீறல்கூட இல்லை. அடி விழுந்தது தண்டுவடத்தில். சுண்டுவிரல் தடிமனில், ஒன்றரை அடி நீளத்துக்கு, முதுகெலும்புக்குள் ஓடுகிற நரம்புக் கற்றை அது. டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்வது எளிது. கல்லணைக் கால்வாய் நடுவில் ஓரிடத்தில் உடைந்தால் பேராவூரணிக் கடைமடையில் பயிர் காய்கிறது. வயலிலும் குறையில்லை, மதகிலும் குறையில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம். வாய்க்காலில் தண்ணீர் கீழ்நோக்கித்தான் போகும். தண்டுவடத்தில் மூளையின் கட்டளை கீழே இறங்குகிறது, தோலின் செய்தி மேலே ஏறுகிறது. இரண்டுக்கும் தனித்தனிப் பாதைகள். கட்டளைப் பாதையின் பெரும்பகுதி மூளையின் அடியில் இருக்கும் முகுளத்தில் பக்கம் மாறுகிறது. அதனால்தான் இடப்பக்க மூளை வலது கையை ஆள்கிறது. வலியும் சூடும் தண்டுவடத்துக்குள் நுழைந்த சிறிது தூரத்திலேயே பக்கம் மாறிவிடுகின்றன. மெல்லிய தொடுதலோ அதே பக்கமாக முகுளம் வரை ஏறி, அங்கேதான் மாறுகிறது. ஸுப்ஹானல்லாஹ்!

மேரி வர்கீஸ் 1925-ல் கொச்சிப் பக்கம் பிறந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து மருத்துவரானார். பெண்களுக்கான மருத்துவத்தில் மேற்கொண்டு பயின்றுகொண்டிருந்தார். 1954 ஜனவரியில் நண்பர்களோடு வெளியே போனபோது வண்டி கவிழ்ந்தது. முகத்தில் ஆழமான வெட்டு. அது ஆறியது. ஆனால் இடுப்புக்குக் கீழே அசைவும் போயிற்று, உணர்வும் போயிற்று. திரும்பி வரவில்லை. வயது 28.

தான் மருத்துவராக இருப்பதில் ஒரு கஷ்டம் உண்டு. மற்ற நோயாளியிடம் குடும்பத்தார் மறைக்கலாம், அவரிடம் யாராலும் மறைக்க முடியாது. இனி நடக்க முடியாது என்பது அவருக்கே தெரியும். பிரசவ அறையில் நின்று வேலை செய்யும் மருத்துவருக்கு அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் யாரும் நினைப்போம்.

அங்கே பால் பிராண்ட் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்துகொண்டிருந்தார். கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம். மேரிக்குக் கால்தானே போயிற்று, கைகள் நன்றாக இருக்கின்றனவே! அந்த வழியை அவர்தான் காட்டினார். முதுகெலும்பை நிலைப்படுத்தி உட்கார வைத்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்தபடியே மேரி கத்தியைக் கையில் எடுத்தார்.

அவர் முன்னால் வந்தவர்கள் யார் என்று யோசியுங்கள். மேரிக்குப் பெரிய வாய்க்கால் உடைந்தது என்றால் அவர்களுக்குக் கிளை வாய்க்கால்கள் அடைபட்டிருந்தன. தொழுநோய்க் கிருமி கை கால் நரம்புகளைக் கெடுக்கிறது. கட்டளை வராததால் விரல்கள் கொக்கி போல மடங்கிவிடும். உணர்வு வராததால் கொதிக்கும் சோற்றுப் பானையைத் தொட்டாலும் தெரியாது. நோய் விரலைத் தின்கிறது என்று ஊர் நினைத்தது. உண்மையில் வலி தெரியாததால் வந்த காயங்களாலும் சூட்டுப் புண்களாலுமே விரல்கள் போயின என்பதை வேலூரில் கண்டு சொன்னார்கள். வலியைப் பழிக்கும் நாம் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நன்றாக இயங்கும் ஒரு தசையின் நாணைப் பிரித்து, செயலிழந்த விரலோடு இணைத்துத் தைப்பதுதான் அந்தச் சிகிச்சை. தைத்த பிறகு நோயாளி பழைய தசைக்குப் புதிய வேலையைப் பயிற்சியால் கற்றுக்கொடுக்க வேண்டும். தங்களைவிட அதிகம் இழந்த ஒருவர் தங்கள் கையைப் பிடித்துச் சரிசெய்வதைப் பார்த்தே அவர்களில் பலர் தெம்பு பெற்றார்கள்.

அத்தோடு அவர் நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிறர் உதவியின்றி வாழப் பழகினார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்தார். 1963-ல் வேலூரில் அதற்கான துறைக்குத் தலைவரானார். 1966-ல் தண்டுவடம் அடிபட்டவர்கள் தங்கிப் பயிற்சி பெற ஒரு மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. அங்கே கற்றுக்கொடுப்பது என்ன? கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீரை நேரத்துக்கு வெளியேற்றுவது, படுக்கைப்புண் வராமல் அடிக்கடி உடம்பை நகர்த்துவது. நமக்கு அழுத்தினால் வலிக்கிறது, உடனே புரண்டு படுக்கிறோம். அவர்களுக்கு வலிக்காது. புண் எலும்பு வரை போன பிறகுதான் தெரியும். 1972-ல் அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. 1986-ல் அவர் காலமானார். அந்த நிலையம் இன்று அவர் பெயரில் இயங்குகிறது.

இடையில் ஒன்று. மரத்திலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்தவரைக் கையும் காலும் பிடித்து நெல் மூட்டை போலத் தூக்கி ஆட்டோவில் மடக்கிப் போடாதீர்கள். பாதி அறுந்த வாய்க்கால் முழுதாக அறுந்துபோகும். 108-க்கு அழையுங்கள். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி, நாலைந்து பேர் சேர்ந்து பலகையில் ஏற்றுங்கள்.

நம் சகோதரர் ஜும்ஆவுக்கு வந்து பல மாதங்கள் ஆகின்றன. நாற்காலி இருக்கிறது, தள்ளிவர மகனும் இருக்கிறான். பள்ளிவாசல் வாசலில் மூன்று படிகள், ஒன்றரை அடி உயரம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளக் கணக்கு. ஹவுளை ஒட்டிய சுவரோரம் பதினெட்டு அடி இடம் இருக்கிறது, நேற்று நானே அளந்தேன். தொழுகை முடிந்ததும் முத்தவல்லி அங்கே நிற்பார். கொத்தனார் வேலை தெரிந்த சகோதரர்கள் அவரைப் பாருங்கள்.