நிலத்தின் அகம் கண்ட ஓல்டாம்

விண்மீன்களின் தொலைவை அளந்த மனிதகுலம், தன் காலடியில் கிடக்கும் நிலத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை நெடுங்காலம் அறியாமலே வாழ்ந்தது. நிலவுலகின் நடுப்புள்ளி மேற்பரப்பிலிருந்து 6,371 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ளது. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970ஆம் ஆண்டு தொடங்கிப் பல்லாண்டுகள் துளையிட்டும், 12 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட ஆழத்தையே எட்ட முடிந்தது. பழத்தின் தோலைக்கூட முழுதும் கடக்காத ஊசிக்கு ஒப்பானது அம்முயற்சி. கண்ணும் கருவியும் புகமுடியாத அவ்விருளுக்குள் புகுந்து செய்தி கொணரும் தூதர் ஒருவர் உண்டு. அவர்தாம் நிலநடுக்கம். ஊரை அழிக்கும் அதே அதிர்வு, உலகின் உள்ளமைப்பையும் எழுதிச் செல்கிறது. அவ்வெழுத்தைப் படிக்கும் முறையை உலகுக்குக் கற்றுத்தந்தோருள் முதல் வரிசையில் நிற்பவர் ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம். அவர் அக்கல்வியைப் பெற்ற பள்ளிக்கூடம் இந்திய மண்.

ஓல்டாம் 1858ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தார். தந்தையார் தாமஸ் ஓல்டாம் இந்திய நிலப்பொதியியல் ஆய்வுத் துறையை 1851 முதல் 1876 வரை தலைமை தாங்கி வளர்த்தவர். இந்தியாவின் நிலக்கரிப் படிவுகளைத் தேடி வரைபடமாக்குவதே அத்துறையின் தொடக்ககால முதற்பணி. ஆயினும் தாமஸ் ஓல்டாமின் நாட்டம் அதனோடு நின்றுவிடவில்லை. 1869ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள் கச்சார்ப் பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தை அவர் நேரில் சென்று ஆராய்ந்தார். சாய்ந்த சுவர்கள், விரிசல்களின் போக்கு, விழுந்த தூண்களின் திசை ஆகியவற்றைக் கொண்டு அதிர்வின் பிறப்பிடத்தைக் கணிக்க முயன்றார். இந்நாட்டில் நிகழ்ந்த நிலநடுக்கங்கள் அனைத்தையும் தொகுத்துப் பட்டியலிடும் பெரும்பணியையும் மேற்கொண்டார். இரண்டும் அச்சேறுமுன், 1878ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

மறு ஆண்டு, இருபத்தொரு வயதை ஒட்டிய நிலையில், மகன் அதே துறையில் பணியேற்றார். ரக்பி பள்ளியிலும் இலண்டனில் அரசுச் சுரங்கக் கல்லூரியிலும் பயின்று வந்த அவ்விளைஞருக்குத் தந்தையின் முற்றுப்பெறாத தாள்கள் காத்திருந்தன. கச்சார் ஆய்வையும் நிலநடுக்கப் பட்டியலையும் ஒழுங்குபடுத்தி, 1882, 1883ஆம் ஆண்டுகளில் தந்தையின் பெயராலேயே வெளிவரச் செய்தார். பிதிரார்ச்சிதம் என்பது நிலமும் பொன்னும் மட்டுமன்று. முடிவுறாத ஒரு கேள்வியும் பிதிரார்ச்சிதமாக வரக்கூடும் என்பதற்கு அவர் வாழ்வு சான்றாயிற்று.

அக்காலத்திலேயே வங்காள விரிகுடா அவருக்கு ஒரு பாடம் வைத்திருந்தது. 1881ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் காலை, கார் நிக்கோபார்த் தீவை அடுத்த கடலடியில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. துறைமுகங்களில் ஓதத்தின் ஏற்றவற்றத்தைக் குறிப்பதற்காக நிறுவப்பட்டிருந்த கருவிகள், ஓதத்தோடு தொடர்பில்லாத புதிய அலைகளைத் தாளில் வரைந்தன. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த கருவிகளும் அவற்றுள் அடங்கும். அலைகள் சிறியனவாதலின் கரையில் அழிவு நேரவில்லை. அந்நிலநடுக்கத்தைப் பற்றிய தம் ஆய்வுக் குறிப்பை ஓல்டாம் 1884ஆம் ஆண்டு வெளியிட்டார். நிக்கோபார் அருகே கடலடி அசைந்தால் சோழமண்டலக் கரைக்கு அலை வரும் என்பது அன்றே அறிவியல் ஏட்டில் ஏறிவிட்ட உண்மை.

பின்வந்த ஆண்டுகளில் அவர் மலைகளிலும் சமவெளிகளிலும் நடந்து பாறைகளை ஆராய்ந்தார். இந்திய நிலப்பொதியியல் கையேட்டின் இரண்டாம் பதிப்பு அவர் கைவண்ணத்தில் 1893ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன்பின் அவர் வேறொன்றும் செய்திராவிடினும் துறையறிஞர் அவரை நினைவில் வைத்திருப்பர். ஆனால் அவர் பெயரை உலகறியச் செய்த நாள் இனிமேல்தான் வரவிருந்தது.

1897ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் மாலை ஐந்து மணி கடந்த வேளையில் அசாம் நிலம் அதிர்ந்தது. ஷில்லாங் நகரின் கற்கட்டடங்கள் சில நொடிகளில் தரைமட்டமாயின. காசி மலைகளின் சரிவுகள் பெயர்ந்து ஊர்கள் மேல் விழுந்தன. ஆற்றுச் சமவெளிகளில் நிலம் பிளந்து மணலும் நீரும் பீறிட்டன. கல்கத்தாவிலும் கட்டடங்கள் சேதமுற்றன. ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். மக்கள் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே இருந்த மாலை வேளையாதலால் உயிரிழப்பு இவ்வளவோடு நின்றது; நள்ளிரவில் நேர்ந்திருப்பின் எண்ணிக்கை எத்தனையோ மடங்கு பெருகியிருக்கும்.

ஓல்டாம் தம் துறையினரை நாலாபுறமும் அனுப்பினார். லா டூஷ் போன்ற சக ஆய்வாளர்கள் அழிவின் நடுவே சென்று கண்டவற்றை எழுதினர். ஓல்டாமும் நேரில் சென்று பார்த்தார். ஊர்தோறும் அஞ்சல் நிலைய அலுவலரும் ரயில் நிலைய அதிகாரியும் தேயிலைத் தோட்டத்தாரும் அனுப்பிய விடைகளைத் திரட்டினார். இங்கே எளிதில் தீராத ஓர் இடர்ப்பாடு இருந்தது. அதிர்வு எந்த நொடியில் எவ்வூரை அடைந்தது என்று தெரிந்தால்தான் அதன் வேகத்தைக் கணிக்க முடியும். அந்நாளில் ரயில்வேயும் தந்தியும் சென்னை வானாய்வகத்தின் நேரத்தைப் பின்பற்றின. ஊர்களோ தத்தம் நேரத்தைக் கொண்டிருந்தன. கடிகாரங்கள் பலவும் சரியாக ஓடவில்லை. நூற்றுக்கணக்கான சாட்சியங்களைச் சலித்து, நம்பத்தகுந்தவற்றை மட்டும் பிரித்தெடுக்கும் பொறுமை அவருக்கு வாய்த்திருந்தது.

களத்திலே அவர் கண்ட காட்சிகளுள் ஒன்று வியப்பினும் வியப்பானது. நிலத்தில் புதைந்து கிடந்த பாறைக்கற்கள், தாம் இருந்த குழியின் விளிம்பைச் சிதைக்காமலே வெளியே வந்து கிடந்தன. பக்கவாட்டில் உருண்டிருந்தால் விளிம்பு சிதைந்திருக்கும். ஆகவே அவை மேல்நோக்கித் தூக்கி எறியப்பட்டிருக்க வேண்டும். அவ்வாறெனில் நிலம் மேலெழுந்த விசை, பொருள்களைக் கீழே பிடித்துவைக்கும் புவியீர்ப்பையும் விஞ்சியிருக்க வேண்டும். ஒரு குழியின் விளிம்பைக் கூர்ந்து நோக்கி இத்தகைய முடிவுக்கு வருதல் அவர்தம் நுண்மாண் நுழைபுலத்துக்கு எடுத்துக்காட்டு. செட்ராங் ஆற்றின் வழியே நிலம் பிளந்து ஒருபுறம் சுமார் பத்து மீட்டர் வரை உயர்ந்திருந்ததையும் அவர் பதிவு செய்தார். 1899ஆம் ஆண்டு வெளியான அவரது அசாம் அறிக்கை, நிலநடுக்கத்தைப் பற்றி எழுதப்பட்ட நூல்களுள் முன்மாதிரியாக இன்றும் போற்றப்படுகிறது.

ஆயினும் அந்நிலநடுக்கத்தின் ஆழ்ந்த செய்தி அசாமில் அன்று, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஐரோப்பாவில் பதிவாகியிருந்தது. 1889ஆம் ஆண்டு ஜெர்மனியின் பாட்ஸ்டாமில் இருந்த ஒரு நுண்ணிய ஊசல், ஜப்பானிய நிலநடுக்கம் ஒன்றினால் அசைந்ததை ரெபர் பாஷ்விட்ஸ் கண்டறிந்திருந்தார். அதுமுதல் தொலைதூர அதிர்வுகளைப் பதியும் கருவிகள் பெருகின. இத்தாலி முதலிய நாடுகளில் அசாம் அதிர்வைப் பதித்த கோடுகளை ஓல்டாம் வரவழைத்து ஆராய்ந்தார். அவற்றில் மூன்று எழுச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிவாய்த் தெரிந்தன. பிற நிலநடுக்கங்களின் பதிவுகளோடும் ஒப்பிட்டு, 1900ஆம் ஆண்டு தம் முடிவை வெளியிட்டார்.

திண்பொருளினூடே இருவகை அலைகள் செல்லக்கூடும் என்பதைக் கணித அறிஞர் பாய்சான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே காட்டியிருந்தார். கோவில் வரிசையில் பின்னால் ஒருவர் தள்ள, அத்தள்ளல் ஆள்மாறி ஆளாக முன்னே செல்வது போன்றது முதல்வகை. அழுந்தியும் தளர்ந்தும் செல்லும் இதுவே விரைவில் முந்துவது. ஒருமுனை கட்டப்பட்ட கயிற்றைப் பக்கவாட்டில் உதறினால் நெளிவு ஓடுவது போன்றது இரண்டாம் வகை. இது பின்னே வருவது, நீர்மத்தினுள் செல்ல இயலாதது. மூன்றாவதாக வருவது நிலத்தின் மேற்பரப்பைத் தழுவியே செல்வது. ஏட்டில் கணக்காக இருந்த இவை மெய்யான நிலநடுக்கத்தின் பதிவில் இன்னின்னவை என்று இனங்கண்டு பிரித்துக்காட்டியவர் ஓல்டாம். முதலிரண்டு அலைகளின் வருகைக்கு இடைப்பட்ட நேரத்தைக் கொண்டு நிலநடுக்கம் எவ்வளவு தொலைவில் நேர்ந்தது எனக் கணிக்கலாம். மூன்று நிலையங்களின் கணக்கு சேர்ந்தால் இடமும் புலப்படும். இன்று உலகின் எந்த மூலையில் நிலம் அதிர்ந்தாலும் சில நிமிடங்களில் இடம் அறிவிக்கப்படுவதற்கு அடித்தளம் இதுவே.

உடல்நலம் குன்றவே 1903ஆம் ஆண்டு ஓல்டாம் பணி ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். கால்நடையாய் மலையேறிய வாழ்வு முடிந்தது. மேசைமேல் விரித்த பதிவுத்தாள்களே இனி அவர் களமாயின. முதலிரண்டு அலைகளும் உலகின் உடலுக்குள்ளே புகுந்து மறுபுறம் வெளிவருவன. ஆழம் மிகமிக அவற்றின் வேகமும் மிகுதல் கண்டார். ஆனால் உலகின் மையத்தை நெருங்கிச் சென்று வந்த அலைகள், எதிர்பார்த்த நேரத்தில் வரவில்லை, தாமதமாய் வந்தன. வழியிலே அவற்றைத் தடுத்து வேகம் குறைத்த ஏதோவொன்று இருக்க வேண்டும். மேலுள்ள பாறையினின்றும் தன்மையால் வேறுபட்ட கருவம் ஒன்று நடுவே உள்ளது என 1906ஆம் ஆண்டு அவர் அறிவித்தார். உலகினுள்ளே கருவம் இருக்கலாம் என்று அதற்குமுன்னும் அறிஞர் கருதியதுண்டு. நிலநடுக்க அலைகளின் சான்றினால் அதை நிறுவ முற்பட்ட முதற்பெருமை ஓல்டாமுக்கு உரியது.

அக்கணிப்பில் குறைகளும் இருந்தன. கருவத்தின் ஆரம் உலகின் ஆரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு என அவர் மதிப்பிட்டார். உண்மையில் அது பாதிக்கும் சற்று மேல், ஏறத்தாழ 3,480 கிலோமீட்டர். அவர் கருவத்தைக் கடந்து வந்த இரண்டாம் அலைகள் எனக் கொண்டவை வேறு பாதையில் வந்தவை எனப் பின்னர்த் தெளிவாயிற்று. பதிவுகள் அருகியிருந்த காலத்தில் அது தவிர்க்கவொண்ணாதது. அவர் காட்டிய வழியிலேயே பிறர் முன்னே சென்றனர். 1909ஆம் ஆண்டு மொகொரோவிசிச் நிலத்தின் மேலோட்டின் அடியெல்லையைக் கண்டார். குட்டன்பர்க் கருவத்தின் எல்லை 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ளதென நிறுவினார். 1926ஆம் ஆண்டு ஜெஃப்ரீஸ் அது நீர்ம நிலையில் உள்ளதெனக் காட்டினார். அந்நீர்மத்தின் நடுவே திண்மையான உட்கருவம் உள்ளதை டென்மார்க்கின் இங்கே லேமான் என்னும் பெண்மணி 1936ஆம் ஆண்டு வெளியிட்டார்.

பெருமைகள் ஓல்டாமைத் தேடி வந்தன. 1908ஆம் ஆண்டு லயல் பதக்கமும், 1911ஆம் ஆண்டு இலண்டன் ராயல் கழக உறுப்பினர் என்னும் சிறப்பும் கிட்டின. 1920 முதல் 1922 வரை இலண்டன் நிலப்பொதியியல் கழகத்தின் தலைவராக விளங்கினார். எனினும் அவர் உள்ளம் இந்தியாவை விட்டு நீங்கவில்லை. 1802ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரு நில அளவை, வடக்கே சென்றபோது இமயத்தருகே தூக்குநூல் சாய்ந்ததைப் பதிவு செய்திருந்தது. அத்தகைய அளவைகளைக் கொண்டே இமயத்தின் அடியமைப்பையும் கங்கைச் சமவெளியின் ஆழத்தையும் ஆராய்ந்து 1917ஆம் ஆண்டு நூல் எழுதினார். 1920களின் பிற்பகுதியில், எழுபது வயதை ஒட்டிய காலத்தில், 1819ஆம் ஆண்டின் கட்சு நிலநடுக்கத்தை ஆராய்ந்ததோடு, தாமே எழுதிய அசாம் ஆய்வையும் மறுபரிசீலனை செய்தார். புகழ் தந்த நூலையே திரும்பப் புரட்டித் திருத்த முனைவோர் அரியர். 1936ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் வேல்ஸ் நாட்டின் லான்ட்ரின்டாட் வெல்ஸ் என்னும் ஊரில் அவர் காலமானார். அவர் தொடங்கிய வினாவுக்கு லேமான் அடுத்த விடையைத் தந்த அதே ஆண்டு அது.

அவர் விட்டுச்சென்ற ஏடுகள் பின்னும் பேசின. அசாம் அதிர்வுக்குப்பின் காசி மலைகளில் மீண்டும் எடுக்கப்பட்ட நில அளவைகளை ரோஜர் பில்ஹாம், ஃபிலிப் இங்கிலாந்து ஆகிய இருவரும் புதிதாய் ஆராய்ந்து, ஷில்லாங் பீடபூமியின் வடவிளிம்பில் புதைந்து கிடக்கும் பெரும்பிளவே அதிர்வுக்குக் காரணம் என 2001ஆம் ஆண்டு அறிவித்தனர். அப்பிளவுக்கு ஓல்டாம் பிளவு என்றே பெயர் வழங்குகிறது.

மற்றோர் ஏடு மட்டும் போதிய கவனம் பெறாமற் போயிற்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை கடலடி கிழிந்தது. அலை கடலைக் கடந்து தமிழகக் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அவ்விடைவேளை எச்சரிக்கைக்குப் போதுமானது. ஆனால் எச்சரிக்க ஏற்பாடு இல்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 1881ஆம் ஆண்டு அதே ஊரின் கருவி வரைந்த கோடு நூற்றிருபத்து மூன்று ஆண்டுகள் ஏட்டிலேயே கிடந்தது. 2007ஆம் ஆண்டில்தான் ஹைதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது. கடலடி அதிர்ந்ததும் முந்தி ஓடிவரும் முதலலையைப் பிடித்து, பின்னே மெல்ல வரும் நீரலைக்கு முன்பாகவே செய்தி சொல்வது அதன் பணி.

ஓல்டாம் பிரித்துக்காட்டிய அம்முதலலை உலகின் கருவத்தையும் காட்டியது. கரையோரக் குடிசைக்குக் காவலாகவும் நிற்கிறது. அறிவு ஏட்டில் இருந்தால் மட்டும் உயிர் காப்பதில்லை. அதை எடுத்துப் படித்துப் பயன்கொள்வார் வேண்டும். தந்தை விட்டுச்சென்ற தாள்களைக் கிடப்பில் போடாத மகனின் வாழ்வு உணர்த்தும் உண்மை அதுவே.