தியான் சந்தும் கலங்கா நெஞ்சமும்

உடல்வலி மிக்கார் உலகிற் பலர். உடல்வலியோடு உளவலியும் ஒருங்கே வாய்க்கப்பெற்றார் சிலரே. திரண்டிருக்கும் மக்கள் யாவருடைய கண்ணும் தம்மேற் பதிந்திருக்கும் வேளையில், கை நடுங்காமலும் கருத்துச் சிதறாமலும் நிற்றல் எளிதன்று. இவ்வாற்றலைப் பயிற்றுதற்கென்றே விளையாட்டு உளவியல் என்னும் தனிக்கலை இக்காலத்து வளர்ந்துள்ளது. அக்கலை நம் நாட்டிற் பரவாத காலத்தே அதன் பயனைத் தம் வாழ்விற் காட்டிச் சென்றவர் ஹாக்கி வீரர் தியான் சந்த். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1905-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29-ஆம் நாள் அலகாபாத்திற் பிறந்தார். தந்தையார் படைவீரர், அடிக்கடி ஊர் மாறவேண்டியிருந்தமையின் மைந்தரின் கல்வி இடையிலே நின்றது. குடும்பம் பின்னர் ஜான்சி நகரில் நிலைத்தது. இளமையில் இவருக்கு ஹாக்கியில் தனி விருப்பம் இருந்ததில்லை. 1922-ஆம் ஆண்டில் டெல்லியில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்த பின்னரே, சுபேதார் மேஜர் பாலே திவாரி என்பார் இவருக்கு அவ்வாட்டத்தைக் கற்பித்தார்.

பகலெல்லாம் படைப்பணி; ஆகவே நிலவொளியிலே தனித்துப் பயின்றார் என்பர். தியான் சிங் என்னும் இயற்பெயர், நிலவைக் குறிக்கும் சந்த் என்னும் சொல்லேற்று வழங்கியது இதனாலேதான். எம் நிலக்கோட்டைப் பக்கத்தில் மல்லிகை மொட்டுக்களை விடியுமுன்னர்க் கருக்கலிலே பறிப்பாரை நாம் கண்டிருக்கின்றோம். கண்ணுக்கு ஒளி போதாவிடினும், பழகிய விரல் தவறாது மொட்டை நாடும். அவ்வாறே, கண் மயங்கும் ஒளியிற் பழகிய கை, மனம் மயங்கும் வேளையிலும் தன் தொழிலை மறவாது. அச்சத்தை வெல்லும் முதற்கருவி இத்தகைய பயிற்சியே.

ஜீலம் நகரில் நடந்த படைக்குழுக்களின் இறுதி ஆட்டமொன்றில் இவர் குழு இரண்டு கோல் பின்தங்கி நின்றது; எஞ்சியவை நான்கே நிமிடங்கள். படைத்தலைவர் கூவி ஊக்கினார். பதறினார்க்கு அந்நான்கு நிமிடங்கள் நொடியாய்க் கழிந்திருக்கும். தியான் சந்தோ அதற்குள் மூன்று கோல்கள் அடித்து வெற்றி தேடித் தந்தார்.

1926-ஆம் ஆண்டு நியூசிலாந்து சென்ற படைக்குழுவில் இவர் இடம்பெற்றார். அக்குழு ஆடிய 21 ஆட்டங்களில் 18-இல் வென்றது. 1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இவர் அடித்தவை 14 கோல்கள். இறுதி ஆட்டத்தின்போது வீரர் சிலர் நோயுற்றிருந்தனர். இவரும் உடல்நலம் குன்றியிருந்தார். எனினும் இந்தியா 3 கோல்களால் ஹாலந்து நாட்டை வென்றது. 1932-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் தம்பி ரூப் சிங்கோடு ஆடி, அமெரிக்கக் குழுவை 24-க்கு 1 என்னும் கணக்கில் தோற்கடித்தார்.

வெற்றிமேல் வெற்றி பெற்றாரின் மனவுறுதி தோல்வியிலன்றோ விளங்கும்? 1936-ஆம் ஆண்டு பெர்லினுக்குச் சென்ற குழுவிற்கு இவரே தலைவர். ஜூலை 17-ஆம் நாள் நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மானியர் 4-க்கு 1 என வென்றனர். அன்றிரவு வீரர் உறங்கிற்றிலர். சிலர் உணவையும் மறந்தனர். தலைவராகிய தியான் சந்தும் கவலையுற்றார். ஆயின் கவலையிலேயே அமிழ்ந்துவிடவில்லை. குறை எங்குளதென ஆராய்ந்தனர். தாரா என்னும் வீரரைத் தாய்நாட்டினின்றும் உடனே வருவித்தனர். அஞ்சாமை என்பது அச்சம் தோன்றாமையன்று. தோன்றிய அச்சத்தைச் செயலாக மாற்றுதலே என்பதை நாம் இங்கே தெளிகின்றோம்.

மழையால் ஒருநாள் தள்ளிய இறுதி ஆட்டம் ஆகஸ்டு 15-ஆம் நாள் நடந்தது. எதிரே நின்றவர் அதே ஜெர்மானியர். களம் புகுமுன் பங்கஜ் குப்தா மூவர்ணக் கொடியை எடுத்துக்காட்ட, அடிமை நாட்டின் வீரர் அனைவரும் அதனை வணங்கினர். தம் தோல்வியையே எண்ணியிருந்த உள்ளம் தம்மினும் பெரிய ஒன்றிற் பதிந்தது. இடைவேளை வரை இந்தியா பெற்றது ஒரே கோல். களம் ஈரமாயிருந்தது. தியான் சந்த் முள் பதித்த காலணியையும் காலுறையையும் களைந்தெறிந்து, தமக்கேற்ற வண்ணம் காலை இலகுவாக்கிக்கொண்டு ஆடினார். முடிவில் 8-க்கு 1 என்று இந்தியா வென்றது. ஒலிம்பிக்கின் ஐந்து ஆட்டங்களிலும் சேர்த்து இந்தியா அடித்தவை 38. பெற்ற கோல் அஃதொன்றே.

இவர் கோலினுள் காந்தம் இருந்ததோவென ஐயுற்றனர் என்பது முதலிய கதைகள் பல வழங்குகின்றன. அவற்றை நாம் பொருட்படுத்த வேண்டுவதில்லை. உழைப்பால் வந்த பெருமையை மாயமென்பது அவ்வுழைப்பை மறைப்பதாகும்.

1956-ஆம் ஆண்டு மேஜர் பதவியில் ஓய்வுபெற்ற இவருக்கு அவ்வாண்டிலேயே பத்மபூஷண் விருது வழங்கப்பெற்றது. 1979-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் டெல்லியில் உயிர்நீத்தார். ஜான்சியில், தாம் ஆடிய திடலிலேயே இவர் உடல் எரியூட்டப்பெற்றது. இவர் பிறந்த நாள் இன்று தேசிய விளையாட்டு நாளாகப் போற்றப்படுகிறது.

மாணவ நண்பர்காள்! நம்மிற் பலர் ஒலிம்பிக் களம் காண்பது அரிது. ஆயினும் தேர்வு மண்டபமும், பேச்சு மேடையும், நம் கல்லூரித் திடலும் நம்மைச் சோதிக்கும் களங்களே. யாரும் காணாத வேளையிற் பயில்வோமாக. தோற்ற இரவின் துயரத்தை மறுநாட் காலைப் பயிற்சியாக்குவோமாக. அங்ஙனம் செய்யின், எல்லாரும் காணும் வேளையில் நம் கையும் நெஞ்சும் நமக்குத் துணைநிற்கும்.