வள்ளலாரும் ஆலம் விழுதும்

பல் விழுந்த இடத்தை நாக்கால் துழாவிக்கொண்டே இருக்கிறீர்களா? அப்படியானால் இந்த வாரம் இவரைப் பற்றிப் படியுங்கள்.

அவர் பெயர் ராமலிங்கம். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் உள்ள மருதூரில், 1823 அக்டோபர் 5-ம் தேதி, ராமையா பிள்ளைக்கும் சின்னம்மைக்கும் ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். பிறகு குடும்பம் சென்னைக்கு வந்தது. பள்ளிப் படிப்பில் அவருக்கு மனம் ஒட்டவே இல்லை. ஆனால், ஆயிரக்கணக்கில் பாடல்கள் பாடினார்! வள்ளலார் என்று நாம் அழைப்பது இவரைத்தான்.

1858-ல் சென்னையை விட்டுச் சிதம்பரம் பக்கமே திரும்பி வந்து, கருங்குழி கிராமத்தில் தங்கினார். யாராவது பசியோடு இருந்தால் அவரால் தாங்க முடியாது. பக்கத்து வடலூரில் ஊர் மக்கள் 80 காணி நிலம் கொடுக்க, அங்கே 1867 மே 23-ல் தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகளில் பலர் அங்கே சாப்பிட்டிருப்பீர்களே! 1874 ஜனவரி 30-ல் மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் போனவர் திரும்பி வரவில்லை.

ஊருக்கே சோறு போட்டவர், பல்லையும் மறக்கவில்லை! தினமும் எப்படி எழுவது, எப்படிச் சாப்பிடுவது என்றெல்லாம் அவர் வகுத்துத் தந்த முறைகளில் பல் துலக்குவதும் உண்டு. ஆலம் விழுது அல்லது வேலங்குச்சியால் அழுக்கை எடுத்துவிட்டு, கரிசலாங்கண்ணித் தூளால் தேய்க்க வேண்டுமாம். இன்று பல் மருத்துவர்கள் சொல்வது, மென்மையான பிரஷ், ஃபுளோரைடு உள்ள பேஸ்ட், காலையும் இரவும்.

ஒரு பல் போனால்தான் என்ன? உங்கள் தாத்தா, பாட்டியைக் கேளுங்கள். பஸ்சில் ஒருவர் எழுந்துபோனதும் பக்கத்தில் இருப்பவர் அந்த இடத்தில் சாய்வாரே, அதுபோல அடுத்த பல் சாயும். எதிர்வரிசைப் பல், கடிக்க ஜோடி இல்லாமல் மெல்ல நீண்டு வரும். இடுக்கில் சோறு சிக்கும், நல்ல பல்லும் சொத்தையாகும், ஈறு வீங்கும். பல் இருந்த இடத்தில் தாடை எலும்பு கூடத் தேய்ந்துவிடும்! ஒரு பக்கமாகவே மென்று சாப்பிட வேண்டியதுதான்.

உங்கள் 20 பால் பற்களும் 6 வயதிலிருந்து 12 வயதுக்குள் தானாக விழுந்தால் கவலையில்லை. சொத்தையால் முன்கூட்டியே பிடுங்க நேர்ந்தால்தான் சிக்கல். பக்கத்துப் பற்கள் நகர்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ள, பின்னால் வரும் பல் கோணலாக முளைக்கும்.

இன்னொரு விஷயம் பல பெற்றோருக்கே தெரியாது. 6 வயதுவாக்கில், எந்தப் பல்லும் விழாமலேயே, கடைவாயில் ஒரு பெரிய பல் முளைக்கும். பால் பல்தானே, விழுந்து முளைக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். அது நிரந்தரப் பல்! போனால் போனதுதான். கண்ணாடி முன் வாயைத் திறந்து, நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணுங்கள், விழுந்த இடத்தையும் சேர்த்து. ஆறாவதாக நிற்கிறதே, அதுதான்.