வெப்பத்தின் இயல் கண்ட மேகநாத சாகா

பிறப்பினால் வரும் பெருமையினும் முயற்சியினால் வரும் பெருமையே நிலைபெறுவதாம். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நீண்டு கிடக்கும் கல்வராயன் மலையினின்றும் இறங்கி, அயலூரில் தங்கிக் கல்வி பயிலும் ஏழைச் சிறுவரைக் காணுந்தோறும், பிறர் மனையில் உண்டு பயின்ற வங்கச் சிறுவர் ஒருவரின் வரலாறு நம் நினைவிற்கு வருகின்றது. அவரே விஞ்ஞானப் பேரறிஞர் மேகநாத சாகா. அவர்தம் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

சாகா 1893-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள், டாக்காவை அடுத்த சியோராதலி என்னும் சிற்றூரில், சிறு கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஊர்ப் பள்ளியின் படிப்பு முடிந்ததும், தந்தையார் அவரைக் கடையில் அமர்த்தக் கருதினார். தமையனார் முயன்று தேடியதன் பயனாக, சிமூலியாவிலிருந்த அனந்தகுமார தாஸர் என்னும் மருத்துவர் அவருக்கு உணவும் உறையுளும் அளித்தார். உண்ட கலத்தைத் தாமே கழுவியும், அவ்வீட்டுப் பசுவைப் பேணியும் சாகா படித்துவந்தார்.

1905-இல் உபகாரச் சம்பளத்துடன் டாக்காப் பள்ளியொன்றிற் சேர்ந்தார். அவ்வாண்டில் வங்கம் பிரிக்கப்பட்டது. கவர்னரின் வருகையைப் புறக்கணித்த மாணவருள் ஒருவராகையால், பள்ளியையும் சம்பளத்தையும் ஒருங்கே இழந்தார். வேறொரு பள்ளி அவரை ஏற்றுக்கொண்டது. அந்நாளில் பாப்டிஸ்ட் மிஷனார் நடத்திய வேதாகம வகுப்பிற் பயின்று, பரீட்சையில் முதன்மையாகத் தேறி 100 ரூபாய் பரிசு பெற்றார் என்பது நம்மனோர் அறிந்து மகிழத்தக்கது.

1911-இல் கல்கத்தா பிரஸிடென்ஸி கல்லூரியை அடைந்தார். ஜகதீச சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் ஆசிரியர். சத்தியேந்திரநாத போஸ் உடன்மாணவர். ஆயினும் விடுதியிலே, குலங்குறித்து அவரோடு உடனுண்ண மறுத்தாரும் உளர்.

1920-இல் அவர் வெளியிட்ட சூத்திரமே அவர் புகழை உலகெங்கும் பரப்பிற்று. வெப்பம் மிகுந்தால் அணுக்கள் ஒன்றோடொன்று வன்மையாய் மோதி, தம் எலெக்ட்ரான்களை இழக்கும். அழுத்தம் குறைந்தவிடத்து, பிரிந்த எலெக்ட்ரான் மீண்டும் சேர்வது அரிதாகையால், அப்பிரிவு மிகும். எத்துணை வெப்பத்தில், எவ்வழுத்தத்தில், எத்தனை பங்கு அணுக்கள் இங்ஙனம் பிரியும் என்பதை அவர் கணக்கிட்டுக் காட்டினார். அதனால் விண்மீனொளியிற் காணும் வரைகளைக்கொண்டே அதன் வெப்பநிலையை அறிய வழி பிறந்தது. விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆயவை என்று 1925-இல் சிசிலியா பேய்ன் அம்மையார் கண்டதும் இச்சூத்திரத்தின் துணைகொண்டே.

எனினும், தம் கணக்கைச் சோதித்தறியக் கருவிகளின்றி அவர் வருந்தினார். லண்டனில் பௌலரையும் பெர்லினில் நெர்ன்ஸ்டையும் நாடிச் சென்றார். 1923 முதல் பதினைந்தாண்டு அலகாபாத்திற் பணிபுரிந்து, 1938-இல் கல்கத்தாவிற்கு மீண்டார். தாம் பட்ட குறை பின்வரும் இளைஞர்க்கு நேராதிருக்க, அணுக்கருவை ஆராயும் கழகமொன்றை நிறுவினார். போர்க்காலத்தில், சைக்ளோட்ரான் பொறிக்குரிய உறுப்புக்கள் சில கப்பலோடு கடலில் மூழ்கியும் அவர் தளர்ந்திலர். 1950-இல் ஐரீன் ஜோலியோ-கியூரி அம்மையார் அக்கழகத்தைத் திறந்துவைத்தார். பின்னர்ப் பாராளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய சாகா, 1956-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள், டில்லியில் திட்டக்குழு அலுவலகத்திற்குச் செல்லும் வழியில் உயிர்நீத்தார். கழகம் அவர் பெயரைப் பூண்டது.

அவர் விதைத்த வித்து வீண்போகவில்லை. 2010-ஆம் ஆண்டு நவம்பரில், ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில், காரீய அணுக்கருக்களை ஒளியின் வேகத்திற்கு மிக அணுகிய வேகத்தில் மோதவிட்டனர். அவ்வெப்பத்தில் எலெக்ட்ரான் பிரிதல் மாத்திரமோ! புரோட்டானும் நியூட்ரானுமே உருகி, குவார்க்கு, குளுவான் என்னும் நுண்துகள்களாலான குழம்பாகின்றன. பிரபஞ்சம் தோன்றிய கணத்தை அடுத்து இருந்த நிலையும் அதுவே என்பர். அக்குழம்பு ஆறி வெளிப்படும் துகள்களை வகைவகையாக எண்ணி, அவை உருவாகும் வெப்பநிலை ஏறத்தாழ 1.8 இலட்சம் கோடி டிகிரி என அறிகின்றனர். துகள்களின் தொகையினின்றும் வெப்பத்தை உய்த்துணரும் இம்முறை, சாகாவின் முறைக்கு உடன்பிறந்ததன்றோ! இம்மோதல்களை ஆராயும் ஆலிஸ் என்னும் கருவித்தொகுதியில், மியூவான் துகள்களைக் காணும் பகுதியை அமைப்பதில் சாகா கழகத்தார் பங்குகொண்டனர். அவர்கள் வகுத்த மானஸ் என்னும் மின்சில்லு சண்டிகரிற் செய்யப்பெற்று அங்கே பயன்பட்டது.

இத்துணைக்கும் அடியில் நிற்பது ஒரு மருத்துவர் இட்ட சோறு. அனந்தகுமாரர் அன்று கதவடைத்திருப்பின், அச்சூத்திரத்தைக் கண்டவர் சியோராதலிக் கடையிலே உப்பும் பருப்பும் நிறுத்திருப்பார். பெற்ற தாலந்தைப் புதைத்துவைத்தல் குற்றமெனின், பிறர் தாலந்து புதையுண்ணக் கண்டும் வாளாவிருத்தல் அதனினும் குற்றமாம். கல்வராயன் மலையினின்றும் இறங்கிவரும் சிறுவருள் எவர் சாகா ஆவாரென்று நாம் அறியோம். ஆதலின் அனைவர்க்கும் கதவைத் திறந்துவைத்தலே நம் கடனாம்.