ஆலிஸ் பால்

ஆலிஸ் அகஸ்டா பால் (ஜூலை 24, 1892 - டிசம்பர் 31, 1916) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஆபிரிக்க அமெரிக்க வேதியியலாளர் ஆவார். தொழுநோய்க்குப் பயன்பட்ட சால்முக்ரா எண்ணெயை ஊசிவழி செலுத்தத்தக்க மருந்தாக்கும் முறையைக் கண்டறிந்தவர் இவரே. எனினும் அம்முறை நெடுங்காலம் வேறொருவரின் பெயரால் வழங்கியது.

பிறப்பும் கல்வியும்

சியாட்டில் நகரில் பிறந்தார். பாட்டனார் ஜேம்ஸ் பிரெஸ்லி பால் பெயர்பெற்ற ஒளிப்படக் கலைஞர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இரு பட்டங்கள் பெற்றபின், ஹவாய்க் கல்லூரியில் (இன்றைய ஹவாய்ப் பல்கலைக்கழகம்) காவா என்னும் செடியின் வேரிலுள்ள வேதிப்பொருட்களை ஆராய்ந்து 1915 இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். அங்கு அப்பட்டம் பெற்ற முதல் பெண்ணும் முதல் கறுப்பினத்தவரும் இவரே. அங்கேயே வேதியியல் கற்பித்தும் வந்தார்.

சால்முக்ரா எண்ணெய் ஆய்வு

அக்காலத்தில் ஹவாயில் தொழுநோய் கண்டவர்கள் குடும்பத்தினின்று பிரிக்கப்பட்டு, மொலக்காய் தீவிலுள்ள கலவுபாபாவுக்கு அனுப்பப்பட்டனர். ஏறத்தாழ 8,000 பேர் இவ்வாறு சென்றனர்; மீண்டவர் மிகச் சிலர். ஹிட்னோகார்ப்பஸ் பேரின மரங்களின் விதையிலிருந்து கிடைக்கும் சால்முக்ரா எண்ணெய் ஒன்றே ஓரளவு பயன் தந்தது. சித்த மருத்துவம் தோல் நோய்களுக்குப் பயன்படுத்தும் நீரடிமுத்தும் இப்பேரினத்தைச் சேர்ந்ததே. ஆனால் அவ்வெண்ணெயை உட்கொண்டால் கடும் குமட்டல் உண்டாகும். ஊசியில் செலுத்தினால் கெட்டியான எண்ணெய் உறிஞ்சப்படாமல் தோலின்கீழ்த் தங்கிக் கட்டிகளாகும்.

கலீஹி மருத்துவமனை மருத்துவர் ஹாரி ஹோல்மன் பாலின் உதவியை நாடினார். எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்களைப் பிரித்து, எத்தில் எஸ்டர்களாக மாற்றினார் பால். இவை பாகுத்தன்மை குறைந்தவை. உடலில் எளிதில் உறிஞ்சப்படுபவை. பின்னர் இம்மருந்தால் கலீஹியிலிருந்து நோயாளர் பலர் வீடு திரும்பினர்.

மறைவும் பெயரும்

தம் ஆய்வை வெளியிடுமுன்பே நோயுற்றுச் சியாட்டில் திரும்பிய பால், 24 வயதில் இறந்தார். வகுப்பில் குளோரின் வளிமத்தைச் சுவாசித்ததே காரணம் என நாளிதழொன்று எழுதியது. பின்னர் திருத்தப்பட்ட இறப்புச் சான்றிதழோ காசநோய் என்கிறது. கல்லூரித் தலைவர் ஆர்தர் டீன் ஆய்வைத் தொடர்ந்து, பாலின் பெயரைச் சுட்டாமலே முடிவுகளை வெளியிட்டார். 'டீன் முறை' என்ற பெயர் இவ்வாறே வந்தது. 1922 இல் ஹோல்மன் அதைப் 'பால் முறை' எனக் குறிப்பிட்டு எழுதியும் பயனில்லை. பல்கலைக்கழகம் 2000 இல் தன் வளாகத்துச் சால்முக்ரா மரத்தடியில் இவருக்கு நினைவுப் பலகை வைத்தது.

பிற்கால ஆய்வுகள்

எஸ்டர் மருந்து எல்லோரையும் குணப்படுத்தவில்லை. நோய் மீண்டவர்களும் உண்டு. 1940களில் சல்போன் மருந்துகள் அதன் இடத்தைப் பிடித்தன. அவற்றுள் ஒன்றான டாப்சோனைத் தனியே கொடுத்து வந்ததால் நோய்க்கிருமி எதிர்ப்புத்திறன் பெறவே, 1981 இல் உலக சுகாதார அமைப்பு கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது.

2000 இல் வெளியான ஓர் ஆய்வு, முன்பே சால்முக்ரா எண்ணெயில் சிறிதளவு காணப்பட்ட 5'-மெத்தாக்சிஹிட்னோகார்ப்பின் என்னும் பொருள் பெர்பெரிஸ் செடிகளிலும் உள்ளதெனக் காட்டியது. இது பாலின் எஸ்டர்களினின்று வேறானது. தனியே கிருமிகளைக் கொல்வதுமில்லை. ஆனால் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா மருந்தை வெளியேற்றப் பயன்படுத்தும் நோர்ஏ என்னும் புரத இறைப்பியைத் தடுக்கிறது. அதனால் அதே செடியிலுள்ள பெர்பெரின் பாக்டீரியாவின் உள்ளேயே தங்கிச் செயற்படுகிறது.