துயரை நாவலாக்கிய கிருபாபாய்

நம் நாட்டில் பெண்மக்கள் பள்ளிக்கூடத்தின் வாசலை மிதிப்பதே அரிதாயிருந்த நாளில், மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படித்தவர். பின்னர் ஆங்கிலத்தில் இரண்டு நாவல்களை எழுதியவர். 32-ஆவது வயதில் மறைந்தவர். அவரே கிருபாபாய் சத்தியநாதன் அம்மையார்.

அம்மையார் 1862-ஆம் ஆண்டு மராட்டிய நாட்டின் அகமதுநகரில் பிறந்தார். பெற்றோர் பிராமணக் குலத்திலிருந்து கிறிஸ்தவம் தழுவியவர்கள். வீட்டில் 14 பிள்ளைகள், இவர் 13-ஆவது. தந்தை சீக்கிரமே காலமாகிவிட, அண்ணன் பாஸ்கர்தான் தங்கைக்கு ஆசிரியரும் தோழருமாக இருந்தார். பெண்ணுக்குப் புத்தகம் எதற்கு என்று கேட்ட அந்தக் காலத்தில், அருகில் உட்காரவைத்துப் பாடம் சொன்னவர் அவர். அந்த அண்ணனும் இளமையிலேயே இறந்துபோனார்.

மனம் உடைந்த சிறுமியைப் பம்பாய்க்கு அனுப்பினார்கள். அங்கே யாரும் எதிர்பாராத ஒரு நட்பு கிடைத்தது. அமெரிக்கப் பெண் மருத்துவர் ஒருவர் அவரிடம் அன்பு காட்டி, நீயும் மருத்துவராகலாம் என்ற ஆசையை விதைத்தார். இங்கிலாந்து சென்று படிக்க உதவித்தொகையும் கிடைத்தது. ஆனால் அவர் உடல்நிலை அந்தக் குளிருக்குத் தாங்காது என்று தடுத்துவிட்டார்கள். எனவே 1878-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். (ஆரம்பாக்கத்தில் ரயிலேறிச் சென்னை சென்று இறங்கும் நம் மாணவியர் அந்தக் கல்லூரியை எத்தனையோ முறை கடந்திருப்பார்கள்!) டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அங்கே அடியெடுத்து வைத்தது 1907-இல்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், இவருடைய துணிவு விளங்கும். முதலாண்டுத் தேர்வில் பரிசுகளைக் குவித்தார். ஆனால் உடல் ஒத்துழைக்கவில்லை. படிப்பு அத்தோடு நின்றது.

சென்னையில் அவருக்கு இடமளித்தது போதகர் சத்தியநாதன் அவர்களின் இல்லம். அவர் மகன் சாமுவேலைப் பின்னர் மணந்தார். உதகமண்டலத்தில் குடியேறியதும், முஸ்லிம் சிறுமியருக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார். மதம் வேறு, பழக்கவழக்கம் வேறு. ஆயினும் பெண்ணை வெளியே அனுப்பத் தயங்கிய பெற்றோர் இந்த இளம் ஆசிரியையை நம்பி அனுப்பினார்கள்.

1887-88-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இதழில் ‘சகுணா’ தொடராக வந்தது. பெரும்பாலும் அவருடைய சொந்தக் கதைதான் அது. கதையில் வரும் அண்ணனுக்குப் பாஸ்கர் என்ற பெயரையே வைத்தார்.

பிறந்த ஒரே குழந்தை ஓராண்டு நிறையுமுன் இறந்தது. தாயின் உடலைக் காசநோய் அரித்துக்கொண்டிருந்தது. அந்நிலையில் எழுதியதே ‘கமலா’. கதைத் தலைவி ஓர் இந்துப் பெண். மாமியார் வீட்டுக் கொடுமை, தவறான வழியில் செல்லும் கணவன் என்று எல்லாவற்றையும் பொறுத்தவள், கடைசியில் கணவனையும் குழந்தையையும் பறிகொடுக்கிறாள். குழந்தை இறக்கும் பக்கங்களை வாசிக்கும் தாய்மார்களுக்கு, எழுதியவரின் துயரம் எங்கே புதைந்திருக்கிறது என்பது சொல்லாமலே விளங்கும்.

ராமச்சந்தர் என்பவன் அவளை நெடுநாளாக நேசிக்கிறான். அவள் உள்ளத்திலும் அந்த அன்பு இல்லாமலில்லை. விதவை மறுமணச் சட்டம் 1856-லேயே வந்துவிட்டது. ஆயினும் கமலா மறுத்துவிடுகிறாள். எஞ்சிய வாழ்நாளை ஏழைகளுக்குச் செலவிடுகிறாள். கல்வி கற்ற கிறிஸ்தவப் பெண் ஏன் தன் கதாநாயகிக்கு மறுவாழ்வு தரவில்லை என்று குறை சொல்வோர் உண்டு. எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. சட்டம் ஏட்டில் ஏறிவிட்டாலும், பெண்ணின் மனத்தில் ஊறிய அச்சம் ஒரு நாளில் போய்விடுமா? அம்மையார் தாம் கண்ட பெண்களைக் கண்டபடியே எழுதினார்.

‘கமலா’ வெளிவந்த 1894-ஆம் ஆண்டே, ஆகஸ்டு மாதத்தில், அம்மையார் இயற்கை எய்தினார். இரு நாவல்களும் விரைவிலேயே தமிழிலும் வந்தன. ‘சகுணா’ நூலாக அச்சேறியது 1895-இல். அதைக் கையில் வாங்கிப் பார்க்க அவர் இல்லை.